ட்ரோலை விடுங்கள், கேள்வி கேட்டவரைக் கவனியுங்கள்

கேள்வி: கணினிச் சந்தேகங்களுக்கு உதவும் ஆன்லைன் மன்றம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் ஊதியமில்லாமல் நடத்துகிறோம். சில மாதங்களாக ஒருவருடைய தொல்லை தாங்கவில்லை. புதியவர்கள் எதைக் கேட்டாலும் கிண்டல் செய்கிறார், எந்த இயங்குதளம் மேல், லினக்ஸா விண்டோஸா என்று சண்டை மூட்டுகிறார். தடை செய்தால் வேறு பெயரில் வந்துவிடுகிறார். பதிவை நீக்கினால் ‘கருத்துச் சுதந்திரம் எங்கே’ என்று கூட்டம் சேர்க்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களிடம் இருப்பவர்களிலேயே மிகத் திறமையான ஒருவர் பெரிய கோபக்காரர். அவர் பதிலில் தவறு இருக்காது, மரியாதையும் இருக்காது. நன்றாக உதவிக்கொண்டிருந்த பழைய உறுப்பினர்கள் இருவர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். கண்டுகொள்ளாமல் விடுவதா, கடுமையாக நடந்துகொள்வதா?

பதில்: ஒதுங்கிப்போன அந்த இருவரிடமிருந்தே தொடங்குகிறேன். உதவி மன்றம் எதுவானாலும் ஆயிரக்கணக்கில் உறுப்பினர் இருந்தாலும் உண்மையில் பதில் சொல்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்கள் புகார் கொடுக்க மாட்டார்கள். ஒருநாள் வருவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். இன்றே அவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். பொது அறிவிப்பு வேண்டாம். என்ன நடந்ததால் ஒதுங்கினீர்கள் என்று நேராகக் கேளுங்கள். யாருடைய எந்தப் பதிவு அவர்களைத் துரத்தியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது.

எல்லாத் தொல்லையையும் ‘ட்ரோல்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். சண்டையே வேண்டும் என்று வருபவர் ஒருவர். விஷயம் தெரிந்த முரடர் இன்னொருவர். மூன்றாவது, நீங்களும் நானும்: அன்றைக்கு மனசு சரியில்லாமல் வெடுக்கென்று எழுதிவிட்ட சாதாரண உறுப்பினர். இந்த மூன்றாமவர் நாம் நினைப்பதைவிட அதிகம். ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கடினமான தேர்வு கொடுத்து மனநிலையைக் கெடுத்துவிட்டு, ஏற்கெனவே மோசமான பின்னூட்டங்கள் இருக்கும் இடத்தில் எழுதச் சொன்னால், சாதாரண ஆட்களும் ட்ரோல் போலவே எழுதுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. அதாவது திரியின் (ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும்) உச்சியில் நிற்கும் முதல் அவமதிப்பு, கீழே வருகிறவர்களையும் கெடுக்கிறது. எனவே தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட அந்தப் பதிவு எவ்வளவு நேரம் கண்ணில் பட்டது என்பதே முக்கியம். நாள் கழித்து ஆளைத் தடை செய்வதைவிடப் பத்து நிமிடத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுவது மேல்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். புதியவர் ஒருவர், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பற்றிக் கேட்கிறார்: “லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது. எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா?” உடனே ஒரு பதில்: “விண்டோஸ் ஓட்டுகிறவருக்கு எஸ்எஸ்டி எதற்கு? முதலில் அந்தக் குப்பையைத் தூக்கி எறியுங்கள்.” வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, விண்டோஸ்காரர்கள் இருவர் வரிந்துகட்டி வருவார்கள். மாலைக்குள் நாற்பது பதில்கள் குவிந்திருக்கும். அந்த லேப்டாப்பில் இப்போது இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, ரேம் எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். கேட்டவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்.

இங்கே மாடரேட்டர், அதாவது மன்றத்தைக் கண்காணிக்கும் உங்களில் ஒருவர், செய்ய வேண்டியது, கிண்டல் பதிலை ஓசையில்லாமல் எடுத்துவிட்டு, கேட்டவருக்குத் தானே பதில் சொல்வது: “டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். டிஸ்க்கின் பெயருக்குக் கீழேயே அது எஸ்எஸ்டியா எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்கா) என்று காட்டும். ரேம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம்.” திரி தானாகப் பாதைக்கு வந்துவிடும். லினக்ஸ் நல்லதா என்று உண்மையிலேயே பேச ஆசைப்படுகிறவருக்குத் தனித் திரி தொடங்க எந்தத் தடையும் இல்லை.

பழைய இணைய விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலம் தொட்டே சொல்லப்படும் அறிவுரை, ‘ட்ரோலுக்குத் தீனி போடாதே’ என்பது. அது பாதிதான் சரி. ட்ரோலுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், அவமானப்பட்ட புதியவருக்கு அது எப்படித் தெரியும்? மன்றமே அந்தக் கிண்டலை ஆமோதிப்பதாகத்தானே தெரியும்? மௌனம் ட்ரோலுக்குப் போகட்டும், பேச்சு கேட்டவருக்குப் போகட்டும். உங்கள் பழைய உறுப்பினர்களுக்கும் இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும், வேறு பயிற்சி தேவையில்லை.

கணினி மன்றங்களுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. இங்கே விஷமம் வார்த்தையோடு நிற்பதில்லை. ‘சிஸ்டம்32 ஃபோல்டரை அழித்தால் வேகம் கூடும்’ என்பது மிகப் பழைய விளையாட்டு; விண்டோஸ் ஓடுவதற்கே அந்த ஃபோல்டர்தான் அடிப்படை. லினக்ஸில் மூலக் கோப்பகத்தையே துடைத்துவிடும் கட்டளையைத் தீர்வு போல எழுதிக் கொடுப்பதும் அதே ரகம். லினக்ஸோடு வரும் குனு கருவிகள் 2006 முதல் அந்தக் கட்டளையை அப்படியே ஓட்ட மறுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தடையை மீறும் ஆப்ஷனையும் சேர்த்தே எழுதித் தருகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். இதற்கு எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு எதுவும் கூடாது. கட்டளையை நீக்கி, அதே இடத்தில் ‘இதை ஓட்டினால் கோப்புகள் அழியும், நீக்கப்பட்டது’ என்று எழுதிவைத்து, எழுதியவரை நிரந்தரமாக வெளியேற்றுங்கள். இங்கே ஓசையில்லாமல் நீக்கக் கூடாது. ஏற்கெனவே படித்துவிட்டவர் எச்சரிக்கையையும் படித்தாக வேண்டும். கேள்வி கேட்டவர் அதை ஓட்டினாரா என்று உடனே விசாரியுங்கள். ஓட்டியிருந்தால் கணினியை அணைத்துவிடச் சொல்லுங்கள். அழிந்த இடத்தின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருந்தால்தான் மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியாக இருந்தால் அந்த வழியும் குறுகியதுதான்.

வேறு பெயரில் திரும்பி வருவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டு இணைப்புகளில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வம்பர் தன் முகவரியை மறைக்கும் விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார், வாசலில் நிற்பது அப்பாவிகளாக இருப்பார்கள். அதைவிடப் புதிய கணக்குகளுக்குக் கொஞ்சம் சலிப்பை ஏற்படுத்துங்கள். முதல் இரண்டு மூன்று பதிவுகள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகட்டும். அதுவரை இணைப்பு, படம், தனிச்செய்தி எதுவும் வேண்டாம். மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இது ‘நம்பிக்கை நிலை’ என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் இயல்பான அமைப்பில், முதல் படியைத் தாண்டப் புதியவர் 5 திரிகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவிட்டிருக்க வேண்டும். உண்மையான ஆளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது. ஆறாவது பெயரில் அவசரமாகச் சண்டைக்கு வருகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். உடனடிப் பலன் கிடைக்காத இடத்தில் அவர் அதிக நாள் மினக்கெட மாட்டார்.

நடையைப் பார்த்தே அவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பொதுவில் ‘நீங்கள் பழைய இன்னார்தானே’ என்று கேட்காதீர்கள். தவறாக இருந்தால் ஒரு நல்ல ஆளை இழப்பீர்கள். சரியாக இருந்தால் அவர் எதிர்பார்த்து வந்த கவனிப்பு கிடைத்துவிடும். அந்தக் கணக்கு எழுதியதை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

ஒருவர் எழுதுவது அவருக்கு மட்டுமே தெரியும்படி மறைத்துவைக்கும் ‘நிழல் தடை’யைப் பலர் பரிந்துரைப்பார்கள். விளம்பரக் குப்பை கொட்டும் தானியங்கிக் கணக்குகளுக்கு அது சரி. மனிதர்கள் மீது பயன்படுத்தாதீர்கள். லாக் அவுட் செய்து பார்த்தால் வெளுத்துவிடும். அது தெரிந்த நாளில், மற்ற உறுப்பினர்களும் தங்கள் பதிவுகள் தெரிகின்றனவா என்று சந்தேகப்படத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்குவது ட்ரோலைத் துரத்துவதைவிடக் கஷ்டம்.

இனி ‘கருத்துச் சுதந்திரம்’. நீக்கியதற்குக் காரணம் சொல்லாதபோதுதான் இந்தக் கோஷத்துக்கு ஆள் சேரும். எனவே நீக்கியவுடன் தனிச்செய்தியில் மூன்று வரி எழுதுங்கள்: “எஸ்எஸ்டி திரியில் உங்கள் பதிலை நீக்கியிருக்கிறேன். கேட்டவரைக் கேலி செய்கிற வரி அதில் இருந்தது, இரண்டாம் விதிக்கு எதிரானது. அந்த வரி இல்லாமல் மீண்டும் எழுதினால் இருக்கும்.” அவ்வளவே. ‘தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்’ வேண்டாம், ‘எத்தனை முறை சொல்வது’ வேண்டவே வேண்டாம். திரும்ப வாதம் வந்தால் ஒரே ஒரு முறை பதில் சொல்லுங்கள். முறையீட்டுக்கென்று தனிப் பகுதி ஒன்றைத் திறந்து, நிர்வாகம் பற்றிய எல்லாச் சர்ச்சையையும் அங்கே அனுப்புங்கள். நீக்கியவற்றின் நகல் மாடரேட்டர்கள் மூவருக்கும் தெரியும் இடத்தில் இருக்கட்டும். ‘நான் அப்படி எழுதவே இல்லை’ என்று நிச்சயம் ஒருநாள் வரும்.

விதிகள் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. அவை எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விதிகளை முன்னால் நிறுத்தினால் புதியவர்கள் மிரண்டு ஓடுவார்கள் என்று ஒரு பயம் எல்லா நிர்வாகிகளுக்கும் உண்டு. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் நடத்தி 2019இல் வெளியான சோதனையின் முடிவு நேர்மாறாக இருந்தது. உரையாடலின் உச்சியில் விதிகளை ஒட்டிவைத்தபோது புதியவர்கள் விதிப்படி நடப்பது சுமார் 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. பங்கெடுத்த புதியவர்களும் சராசரியாக 70 சதவீதம் அதிகம். இங்கே என்ன நடக்கும், என்ன நடக்காது என்று தெரிந்தால்தானே கூச்சப்படுகிறவர் வாய் திறப்பார்?

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்லைக்’ பொத்தான் இருந்தால் உறுப்பினர்களே ட்ரோலை அடக்கிவிடுவார்கள் என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். எதிர்வாக்கு வாங்கியவர்கள் அடுத்து இன்னும் அதிகமாக, இன்னும் மோசமாக எழுதுகிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில்கூட எதிர்வாக்குப் போட 125 புள்ளி சேர்த்திருக்க வேண்டும், ஆதரவு வாக்குக்கு 15 போதும். உங்களுக்குத் தேவை ‘புகார்’ பொத்தான் மட்டுமே.

திறமையான கோபக்காரர்தான் உங்கள் உண்மையான தலைவலி. ட்ரோலைத் தடை செய்ய யாரும் தயங்குவதில்லை. இவரைத் தொட எல்லோருக்கும் தயக்கம், ஏனென்றால் இவர் போனால் சில கேள்விகளுக்குப் பதிலே வராது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். இவருக்குப் பயந்து கேட்கப்படாமல் போன கேள்விகள், இவர் திருத்துவார் என்று பயந்து எழுதப்படாமல் போன பதில்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, 2018 செப்டம்பரில் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அந்தத் திட்டத்துக்குப் புதிய நடத்தை நெறிகளும் அதே சமயத்தில்தான் வந்தன. திறமை விதிவிலக்கு ஆகாது என்று இதற்கு மேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அவரிடம் பேசும்போது ‘கொஞ்சம் தன்மையாக எழுதுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அவர் நினைப்பில் அவர் தன்மையாகத்தான் எழுதுகிறார். அவருடைய வரியையே எடுத்துக் காட்டுங்கள்: “டிரைவர் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரிகளும் சரி, அப்படியே இருக்கின்றன. ‘இதுகூடத் தெரியாதவர் கணினியைத் தொடக்கூடாது’ என்ற வரியை மட்டும் எடுத்திருக்கிறேன். இனி இப்படிப்பட்ட வரி வந்தால் எடுத்துவிடுவேன், மூன்றாவது முறை ஒரு வாரம் இடைவெளி.” அவமதிக்கும் வரி மட்டும் போய்த் தொழில்நுட்பம் நிற்பதை நாலைந்து முறை பார்த்தால் பலர் தாமாகவே மாறிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் ‘மாடரேட்டர் திருத்தியது’ என்ற குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். வேறொருவர் வார்த்தையை யாருக்கும் தெரியாமல் மாற்றுவது பெரிய துரோகம். மாறாதவர்களுக்கு ஒரு வாரம், ஒரு மாதம், பிறகு வாசல். சொன்ன நாளில் சொன்னதைச் செய்ய வேண்டும், முன்கூட்டியும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது.

நீங்கள் மூவர் இருப்பது நல்லதாயிற்று. யாரோடு வாக்குவாதம் நடந்ததோ அந்த மாடரேட்டர் தடைப் பொத்தானை அழுத்தக் கூடாது, மற்ற இருவரில் ஒருவர்தான் அழுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரி கொதிக்கும்போது ‘ஸ்லோ மோட்’ போட்டுவிடுங்கள். டெலிகிராமில் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம், டிஸ்கோர்ஸிலும் இந்த வசதி உண்டு. அதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் தணிந்துவிடும். இரவில் யாரும் விழித்திருக்கப் போவதில்லை என்றால் திரியைக் காலை வரை பூட்டுவதில் தப்பில்லை.

மிரட்டல், வீட்டு முகவரியையோ தொலைபேசி எண்ணையோ வெளியிடுவது, அந்தரங்கப் படம் என்று வந்தால் மேலே சொன்ன எந்தப் படிநிலையும் பொருந்தாது. முதலில் பதிவின் இணைப்பு, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். சர்வர் பதிவுகள் தானாக அழிந்துவிடாமல் நகலெடுங்கள். உடனே பதிவை நீக்குங்கள். அந்தரங்கப் படமாக இருந்தால் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், இணைப்பும் கணக்கு விவரமும் நேரமும் போதும். பாதிக்கப்பட்டவருக்கு நடந்ததைச் சொல்லி, காவல்துறைக்குப் போவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கேட்டால் கொடுக்க ஆதாரம் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.

தடைபட்டவர் சில மாதம் கழித்து ‘மறுபடி சேரலாமா’ என்று எழுதினால், கடிதத்தை அவரைத் தடை செய்யாத மாடரேட்டர் படிக்கட்டும். என்ன செய்தேன் என்று அவர் குறிப்பாகச் சொல்கிறாரா, இல்லை ‘ஏதாவது தவறாகப் பட்டிருந்தால்’ என்று மழுப்புகிறாரா என்று பாருங்கள். முதல் வகையென்றால் புதிய உறுப்பினருக்கான கட்டுப்பாடுகளோடு சேர்த்துக்கொள்ளலாம். தீங்கான கட்டளை எழுதிப்போனவருக்கு மட்டும் இது கிடையாது.