குண்டு குறுக்காக விழுவதற்கு வெடிமருந்து காரணமல்ல

கேள்வி: அமெரிக்காவின் மொன்டானாவில் வசிக்கிறேன். பண்ணைக்காரரின் அனுமதியோடு பிரெய்ரி நாய் (பெயரில்தான் நாய், அணில் குடும்பம்) சுடப் போவதுண்டு. பழைய 22-250 ரெமிங்டன் ரைஃபிள். நானே அடைக்கும் 55 கிரேன் (குண்டின் எடை அளவு) தோட்டா நன்றாகச் சுடுகிறது. காற்றுக்குத் தாங்கட்டும் என்று 69 கிரேன் மேட்ச் (போட்டிச் சுடுதலுக்கான) குண்டுக்கு மாறினேன். இப்போது 100 கஜத்தில் அட்டையில் விழும் ஓட்டை வட்டமாக இல்லை, நீளவாக்கில் இருக்கிறது. வெடிமருந்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். கனமான குண்டுக்கு மருந்தைக் குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். தோட்டா அடைக்கும் கையேட்டில் அந்தக் குண்டுக்கென்று தந்திருக்கும் தொடக்க அளவுதான் கணக்கு. 55 கிரேனுக்குப் போட்ட அளவையே இதற்கும் போட்டிருந்தால், மீதித் தோட்டாக்களை இன்றே பிரித்துவிடுங்கள்.

குண்டு பக்கவாட்டில் புரண்டு அட்டையில் மோதுகிறது. குறை குழலின் முறுக்கில், அதாவது ட்விஸ்டில்: குழலுக்குள் சுருளாக ஓடி குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்ற கணக்கு. 1965-இல் ரெமிங்டன் நிறுவனம் இந்த 22-250 தோட்டாவைத் தன் பெயரில் கொண்டுவந்தபோது, இலேசான குண்டை அதிவேகத்தில் விடுவதுதான் நோக்கம். அதனால் பெரும்பாலான பழைய குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 69 கிரேன் மேட்ச் குண்டோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது கேட்கும். எடையைவிட நீளம்தான் இதில் முக்கியம். நீளமான குண்டு நிலையாகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும். மருந்து கூட்டிக் கிடைக்கும் கொஞ்சம் வேகம் அதை ஈடுகட்டாது, அழுத்தம்தான் ஏறும்.

சரி, 8 அங்குல முறுக்குக் குழல் மாற்றிவிடலாமா? மாற்றலாம், ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு. நொடிக்கு 3600 அடி வேகத்தில் 14 அங்குலக் குழல் குண்டை நிமிடத்துக்கு சுமார் 1,85,000 சுற்று சுழற்றும். 8 அங்குலக் குழல் 3,24,000. மெல்லிய உறை போட்ட சில வார்மின்ட் (சிறு பிராணிகளைச் சுடுவதற்கான) குண்டுகள் அந்தச் சுழற்சியில் இலக்கை அடையும் முன்பே சிதறிப் போகும்.

என்னைக் கேட்டால் 50, 55 கிரேனிலேயே இருங்கள். பிரெய்ரி நாய்க்கு அது தாராளம். ஈயமில்லாத செம்புக் குண்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 35 கிரேன் பக்கம் பாருங்கள். ஈயத்தைவிடச் செம்புக்கு அடர்த்தி குறைவு, அதே எடைக்கு நீளம் கூடிவிடும். மாறுவது நல்லதும்கூட: சுட்டதை வெளியிலேயே விட்டால் கழுகும் பருந்தும் ஈயத்தோடு சேர்த்துத்தான் தின்னும்.

எதற்கும் உங்கள் முறுக்கை அளந்துவிடுங்கள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, சுழலும் கைப்பிடி உள்ள சுத்தக் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பி ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ, அதுதான் முறுக்கு.