ஸ்டீராய்டு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

அப்பாவுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. ஒன்றரை மாதமாகப் போகிறது. உடம்பு தேவலை. நிறுத்திவிடலாமா, டாக்டர்?

வேண்டாம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைத் தருவது. மூன்று நாலு வாரம் மாத்திரை போனாலே அது தூங்கப் போய்விடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. வாந்தி, சோர்வு, பிரஷர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்கட்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஊசி தேவைப்படலாம். ஆஸ்துமா இழுப்புக்கு ஐந்து நாள் தரும் கோர்ஸ் வேறு, அதைக் குறைக்காமலே முடிக்கலாம்.

நானும் அதே மாத்திரைதான். காலையில் சுகர் 105, சாயங்காலம் 260. மெஷின் கோளாறா?

மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. காலையில் போடும் பிரெட்னிசலோன் மத்தியானத்துக்கு மேல் சர்க்கரையை ஏற்றும், ராத்திரியில் தணிந்துவிடும். வெறும் வயிற்று டெஸ்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பார்த்து, அந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக மாத்திரையை ராத்திரிக்கு மாற்றாதீர்கள், தூக்கம் போய்விடும்.

தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய க்ரீமில் மூணே நாளில் அரிப்பு போச்சு. விட்டதும் டபுளா வந்துடுச்சு, சார்.

ட்யூபின் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. க்ளோபெட்டசால் கடுமையான ஸ்டீராய்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் கேட்கும். இரண்டையும் ஒரே ட்யூபில் கலந்தும் விற்கிறார்கள், அதுதான் பெரிய தலைவலி. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் விளிம்பு மறைவதால் பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். இடுக்குத் தோல் மெல்லியது. அங்கே விழும் வரித்தழும்பு முழுதாக மறையாது. க்ரீமை விட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள். முகம் வெளுக்க இதைப் பூசுகிறவர்களுக்கும் இதேதான்: பரு, எரிச்சல், முடி வளர்ச்சி.

எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்க்கு ஸ்டீராய்டு க்ரீமை 'மெல்லிசாத் தடவு' என்றார்கள். மெல்லிசு என்றால் எவ்வளவு?

ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்குங்கள். சுமார் அரை கிராம் வரும். பெரியவர் கையில் விரல்களோடு இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் நாக்கில் வெள்ளை படிகிறது.

பூஞ்சைதான், அதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு தடவையும் இழுத்த பிறகு தண்ணீரில் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். பம்ப் வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டுங்கள். வாயில் படிவது குறையும், நெஞ்சுக்குள் போவது கூடும்.