நனையும் ஜாக்கெட்டும் மிச்சமிருக்கும் மெழுகும்

பனிச்சறுக்கு ஜாக்கெட் ஈரத்தை உறிஞ்சுகிறது, தூக்கிப் போட்டுவிட்டு ‘சூழலுக்கு உகந்தது’ என்று எழுதிய புதியதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தோள்பகுதியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருளாமல் துணி கருத்துப்போனால், தேய்ந்தது பெரும்பாலும் மேல்பூச்சுதான். உள்ளே இருக்கும் நீர்புகாப் படலம் நன்றாகவே இருக்கும். இதற்கென்று விற்கும் திரவ சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் காயவையுங்கள். அப்படியும் உருளவில்லையா, பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃப்ளோரின் வேதிப்பொருட்கள்) இல்லாத நீர்விலக்கு ஸ்பிரே அடியுங்கள். என்ன, அந்த வகைப் பூச்சுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது, அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். தையல் வழியே நீர் புகாமலிருக்க உள்ளே ஒட்டியிருக்கும் நாடா பரவலாக உரிந்திருந்தால் புதியதைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்னோபோர்டைப் பழையதாகவே வாங்கலாம், தாராளமாக. ஹெல்மெட் மட்டும் வேண்டாம். எங்கே அடிபட்டதோ, வெளியே தெரியாது.

அப்புறம், வேகமாக வழுக்குவதற்காக ஸ்னோபோர்டின் அடியில் பூசும் ஃப்ளோரின் மெழுகு மிச்சமிருக்கிறது, என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பனியில் தேய்ந்து, உருகும் நீரோடு மண்ணில் இறங்கிவிடும்; எளிதில் சிதையாது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பே 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அயர்ன் வைத்து உருக்காதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.