ஆசைப்பட்டுப் போனவன் என்றால் அது மனிதக் கடத்தல் ஆகாதா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, டிப்ளமோ முடித்தவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 3 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, 2024 செப்டம்பரில் டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவைத்தார். பாங்காக்கில் இறங்கியவனைக் காரில் எல்லைக்குக் கொண்டுபோய், இரவில் ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரில் ஒரு காம்பவுண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். பெண் பெயரில் சாட் செய்து வெளிநாட்டுக்காரர்களைப் போலி முதலீட்டில் பணம் போட வைப்பதுதான் வேலை. மறுத்தால் அடி. இன்னும் 4 லட்சம் கட்டிய பிறகுதான் விட்டார்கள். ஸ்டேஷனில், "அவனே ஆசைப்பட்டுத்தானே போனான், இது பணத் தகராறு" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை) மட்டும் கொடுத்தார்கள். தம்பியும், "படத்துல வர்ற மாதிரி என்னை யாரும் வேன்ல தூக்கிட்டுப் போகலையே அக்கா" என்கிறான். புகாரை வற்புறுத்தினால் அவன் மேலேயே வழக்கு பாயுமோ என்று அப்பா பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பி மனிதக் கடத்தலுக்கு ஆளானவர். அவர் கையெழுத்துப் போட்டுக் கிளம்பியதாலோ, நீங்கள் பணம் கட்டியதாலோ இது மாறிவிடாது. வேறு எதற்கும் முன்னால் இதை அவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். தன்மீதே தப்பு என்று நினைக்கிறவர் போலீஸ் முன்னால் பாதியை விழுங்கிவிடுவார்.

படத்தில் வருகிற மாதிரி இல்லையே என்று அவர் சொல்வது எனக்குப் புதிதல்ல. இந்த மாதிரி வழக்குகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் அது. சமூகப் பிரச்சினையைப் பேசும் படங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கொத்தடிமை முறை, லாக்கப் சித்திரவதை எல்லாம் குற்றம் என்ற சேதியைச் சட்டப் புத்தகம் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கும் கொண்டுபோனதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் கடத்தலைக் காட்டும்போது பல படங்கள் வாயைப் பொத்தித் தூக்கிப்போகும் காட்சியோடு நின்றுவிடுகின்றன. தெரிந்தவராக வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் நலம் விசாரித்து, அட்வான்ஸ் வாங்கி, விமான நிலையம் வரை கூடவே வந்து வழியனுப்பும் ஏஜென்ட்டைக் காட்டினால் யாரும் பதறப் போவதில்லை. நிஜத்தில் குற்றம் தொடங்குவது அந்த இடத்தில்தான். திரையில் பார்த்த வேன் இன்ஸ்பெக்டர் மனதிலும் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் புகார்கள் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுபோகின்றன.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதன் 143வது பிரிவுப்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதும், கொண்டுபோவதும், அடைக்கலம் கொடுத்து வைப்பதும், கைமாற்றுவதும், பெற்றுக்கொள்வதும் மனிதக் கடத்தல். மிரட்டல், பலப்பிரயோகம், ஆளைத் தூக்கிச் செல்லுதல், அதிகார துஷ்பிரயோகம், ஆசைகாட்டுதல் ஆகியவற்றோடு ஏமாற்றுதலும் அதற்கான வழிகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஸ்டேஷனில் சொன்ன "ஆசைப்பட்டுத்தானே போனான்" என்பதற்கு இந்த ஒரு வரி போதும். தண்டனை 7 முதல் 10 ஆண்டுவரை கடுங்காவல். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள்வரைகூடப் போகலாம். அதே ஏஜென்ட் வழியாகப் போன மற்ற பையன்களைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நின்றாலே வழக்கின் எடை மாறிவிடும்.

"எல்லாம் மியான்மரில் நடந்தது, எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றும் சொல்வார்கள். முழுக் குற்றமும் வெளிநாட்டில் நடந்திருந்தால்தான் அதை இங்கே நீதிமன்றம் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி தேவை. உங்கள் விஷயத்தில் பொய் சொல்லி ஆள் சேர்த்ததும் பணம் வாங்கியதும் தமிழ்நாட்டில்.

புகாரை எழுதும்போது ஒரு நுணுக்கம் உண்டு, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'சுரண்டல்' என்பதற்கு அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் அடிமைத்தனமும் அதைப் போன்ற நடைமுறைகளும் இருக்கின்றன. கட்டாய வேலை என்று நேரடியாக இல்லை. "சொன்ன வேலை தரவில்லை, சம்பளம் தரவில்லை" என்று எழுதினால் பணத் தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள். பாஸ்போர்ட்டை யார் பிடுங்கினார்கள், வாசலில் காவலுக்கு யார் நின்றார்கள், தினம் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள், டார்கெட் முடிக்காவிட்டால் என்ன செய்தார்கள், வேறு கம்பெனிக்கு விற்றுவிடுவோம் என்று மிரட்டினார்களா, 4 லட்சம் யார் கணக்குக்குப் போனது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அடிமையைப் போல வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டப்போவது இந்த விவரங்கள்தான். கூடவே சட்டவிரோத அடைப்பு, பணப்பறிப்பு, மோசடிப் பிரிவுகளையும் கேளுங்கள். பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி தனிக் குற்றம். அந்த ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். 3 லட்சம் என்பதே ஒரு சாட்சியம்.

தம்பியின் போனை ரீசெட் செய்யவோ விற்கவோ விடாதீர்கள். ஏஜென்ட்டின் வாய்ஸ் மெசேஜ், டெலிகிராம் சாட், பணம் அனுப்பிய விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும், போனே கையில் இருந்தால் அது சுலபம். பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பாருங்கள். தாய்லாந்தில் நுழைந்த முத்திரை இருக்கும். மியான்மர் முத்திரை அநேகமாக இருக்காது. தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் பக்கம் மோய் ஆற்றைத் திருட்டுத்தனமாகக் கடக்க வைத்தார்கள் என்பதற்கு அந்த வெற்றுப் பக்கம் துணை நிற்கும்.

இனி அப்பாவின் பயம். கடத்தப்பட்டவர் கட்டாயத்தின் பேரில் செய்ததற்குத் தண்டனை கிடையாது என்று நேரடியாகச் சொல்லும் தனிப் பிரிவு நியாய சன்ஹிதாவில் இல்லை. இது பெரிய குறை, திருத்தியே ஆக வேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து செய்தவருக்கு 32வது பிரிவு தரும் பாதுகாப்பும் உடனடி மரண பயம் இருந்தால்தான் கிடைக்கும். ஆனாலும் மோசடிக் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்தாக வேண்டும். அடித்து உட்கார வைக்கப்பட்டவரிடம் அதை நிரூபிப்பது லேசல்ல. என் கருத்தில், பாதிக்கப்பட்டவராக முதலில் வாக்குமூலம் கொடுப்பதுதான் அவருக்குப் பெரிய பாதுகாப்பு. ஒன்றை மட்டும் அவரிடம் தனியாகக் கேளுங்கள்: விடுதலைக்காகவோ கமிஷனுக்காகவோ வேறு யாரையாவது அங்கே வரச் சொன்னாரா? ஆம் என்றால், புகார் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பார்ப்பது கட்டாயம்.

அவர் தனி ஆள் அல்ல. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி இணைய மோசடியில் ஈடுபட வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். இதை ஸ்டேஷனில் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

நடைமுறை இதுதான். 10 ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் பூர்வாங்க விசாரணை என்று இழுக்க வழியில்லை, எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)ன் கீழ் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் புகாரை அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். நகலையும் இணையுங்கள். மாவட்ட ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும். அப்போதும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். மனிதக் கடத்தலில் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். இழப்பீட்டு மனுவும் அங்கேயே போடலாம், குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம்.

எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபால் போனது தெரிந்ததும் ஏஜென்ட் ஆள் விட்டு, பாதிப் பணம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்பார். 143வது பிரிவுக் குற்றத்தை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. எந்த வெள்ளைத் தாளிலும், எந்த முத்திரைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தவர் பெயரையும் தேதியையும் குறித்து வைத்து, விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.