'இங்கே' என்றால் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறோம். படிவம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றுக்கும் 'இங்கே கிளிக் செய்யவும்' என்றுதான் இணைப்பு. எது எதற்கென்றே புரியவில்லை என்கிறார் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர். அடிக்கோடு அழகாக இல்லையென்று எடுத்துவிட்டோம்; இப்போது பெரியவர்களுக்கு இணைப்பே கண்ணில் படுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த உறுப்பினர் சொல்வது முழுக்க நியாயம். என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) இன்சர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். உங்கள் பக்கத்தில் அவர் காதில் விழுவது 'இங்கே, இங்கே, இங்கே' மட்டும்தான். சுற்றியுள்ள வாக்கியம் அந்தப் பட்டியலில் வராது. அதனால் போய்ச் சேரும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள்: 'உறுப்பினர் படிவம் (பிடிஎஃப், 2 எம்பி)'. டேட்டா பார்த்துச் செலவழிப்பவருக்கு அந்த அளவு முக்கியம்.

தமிழில் இன்னொரு சங்கதி. 'உறுப்பினர் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்' என்று எழுதினால் 'உறுப்பினர் படிவத்தை' முழுவதும் இணைப்பாக இருக்கட்டும். வேற்றுமை உருபை வெளியே விட்டுச் சொல்லை நடுவில் வெட்டினால் பார்க்கவும் கேட்கவும் உறுத்தும்.

அடிக்கோட்டைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுவாருங்கள். நிறத்தை மட்டும் அடையாளமாக நம்பக் கூடாது என்கிறது டபிள்யூசிஏஜி (இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி); நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தோன்றலாம். அழகாக இல்லை என்று நீங்கள் நினைத்ததற்கும் காரணம் உண்டு. சு, பு, ரு போன்ற எழுத்துகள் மற்ற எழுத்துகள் உட்காரும் மட்டத்துக்குக் கீழே இறங்குவதால் அடிக்கோடு அவற்றில் மோதும், அல்லது துண்டுதுண்டாக உடையும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் என்ற பண்பு இருக்கிறது. எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்கு கோட்டைக் கீழே தள்ளிப் பாருங்கள். எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், மெனுவில் அடுத்தடுத்து வரும் இணைப்புகள். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு, தொடும் இடத்துக்கு அகலத்திலும் உயரத்திலும் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. பெரியவர்கள் கைபேசியில் தொடுவார்கள் என்பதால் நானாக இருந்தால் 44 வைப்பேன்.

மாற்றியதும் அந்த உறுப்பினரையே கூப்பிட்டு, இணைப்புப் பட்டியலை மட்டும் திறந்து கூட்டக் குறிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறாரோ, அந்த இணைப்பின் பெயரை அவரிடமே கேட்டுத் திருத்துங்கள்.