ஜி.பி.எஸ். இல்லாதபோது ட்ரோன் விலகிப் போவது ஏன்?

வணக்கம். ஜி.பி.எஸ். அறுந்ததும் உங்கள் ட்ரோன் உயரத்தைக் காத்துக்கொண்டே பக்கவாட்டில் விலகுவதாக எழுதியிருந்தீர்கள். செங்குத்தாகக் கீழ்நோக்கும் ஒற்றை ரேடார் கற்றை தரைக்குள்ள தொலைவைத்தான் அளக்கும். கிடைமட்ட வேகத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது; அதை மட்டும் நம்பும் ட்ரோன் தன் பக்கவாட்டு விலகலை உணராது.

வெவ்வேறு திசைகளில் சாய்ந்த குறைந்தது மூன்று கற்றைகளின் டாப்ளர் விலக்கங்களை (நகர்வதால் எதிரொலியின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றங்களை) சேர்த்துக் கணக்கிட்டால்தான் மூன்று அச்சுகளிலும் வேகம் கிடைக்கும்: 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், கிடைமட்டத்திலிருந்து 60 பாகை தாழ்ந்து முன்நோக்கும் கற்றை, நொடிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ் விலக்கம் காட்டும். ட்ரோனின் சாய்வையும் கணக்கில் கொண்டு, அந்த வேகத்தைக் கால்மன் வடிகட்டியில் (பல உணரிகளின் அளவீடுகளை நம்பகத்தன்மைக்கேற்ப இணைக்கும் கணக்கீட்டு முறையில்) முடுக்கமானி, கைரோ (சுழற்சியை அளக்கும் உணரி) அளவீடுகளுடன் இணையுங்கள். அசைவற்ற நீர்ப்பரப்பு, சாய்ந்து விழும் அலைகளைக் கண்ணாடிபோல் அப்பால் திருப்பிவிடும். எதிரொலி வலுவிழக்கும் கணங்களில் அந்த அளவீட்டை ஒதுக்குவது மிக அவசியம் என்பேன். இம்முறையிலும் இடப்பிழை மெல்லச் சேரும் என்பதால், நெடுந்தொலைவுப் பயணத்துக்கு நிலப்பரப்பின் உயர வரைபடத்தோடு ஒப்பிடும் முறையும் வேண்டும்.