7 வயது மகனுக்கு எந்த வங்கியில் கணக்கு தொடங்கலாம்? டெபிட் கார்டும் வாங்கிக் கொடுக்கலாமா?

காரைக்குடியில் இருக்கிறோம், உறவினர்கள் கொடுத்த பணம் மகன் பெயரில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, கார்டோடு வரும் கணக்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். கார்டுக்கு அவனுக்குப் பத்து வயது ஆகட்டும்.

நானும் காரைக்குடிதான். என் மகளுக்கு ஆறு வயதில் கணக்கு தொடங்கினோம், இப்போது பதினொன்று. கல்யாணம், அறுபதாம் வயது சாந்தி என்று ஊருக்கு வருகிறவர்கள் காலில் விழுந்து கும்பிட்டதும் பிள்ளைகள் கையில் நூறும் ஐந்நூறுமாகத் திணிப்பார்கள் அல்லவா, அந்தப் பணம்தான் எங்களுக்கும் முதல்.

ஏன் பத்து வயது என்கிறேன்? அதற்குக் கீழே உள்ள பிள்ளையின் கணக்கை நடத்துவது பெற்றோர்தான். அம்மாவே காப்பாளராக இருந்து தொடங்கலாம். ஸ்டேட் வங்கியின் 'பெஹ்லா கதம்' போன்ற கணக்குகளில் சிறு பிள்ளைக்கும் கார்டு உண்டு, ஆனால் ஏழு வயதில் அதைப் பயன்படுத்தப் போவது நீங்கள்தான். உங்களிடம்தான் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறதே. பத்து வயது நிறைந்தால் பிள்ளை தானே கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரலில் இதற்கான விதிகளைத் திருத்தி வெளியிட்டார்கள். பணம் எவ்வளவு வரை, கார்டும் நெட் பேங்கிங்கும் தரலாமா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். எந்த வங்கியானாலும் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது.

எங்கள் ஐயாவின் அப்பா பெட்டியடிப் பையனாகத்தான் பர்மாவுக்குப் போனார். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுகிறவர்களைப் பார்த்துக் கணக்குப் பழகுவதுதான் வேலை. பெட்டிச் சாவி கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்று ஐயா சொல்வார். கார்டும் சாவிதான். என் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் 'உ' போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று என்று நான்கு வருஷம் எழுதிய பிறகுதான் அவளுக்குக் கார்டு வந்தது.

எந்த வங்கி என்றால், உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகக்கூடிய கிளை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த வங்கி. நம் ஊரில் கிளைக்கா பஞ்சம்? வட்டியைப் பார்த்துத் தேடி அலைய வேண்டாம். ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்குக்கு 2025 ஜூனிலிருந்து 2.5 சதவீதம்தான் தருகிறது. வட்டிதான் முக்கியம் என்றால் அஞ்சலகத்தில் 4 சதவீதம், 500 ரூபாய் இருந்தால் தொடங்கலாம். குறைந்தபட்ச இருப்பு கேட்காத வங்கியா என்று மட்டும் கட்டாயம் விசாரியுங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே அதை எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-ல் எடுத்தன. பிள்ளை சேர்த்த காசில் அபராதம் பிடித்தால் மனசு விட்டுப்போகும்.

பாஸ்புக் தரும் கிளையாக இருக்கட்டும். ஆப்பில் தெரியும் எண் பிள்ளைக்கு ஒட்டுவதில்லை. மகளுக்கு அந்த என்ட்ரி போடும் இயந்திரம் என்றால் உயிர். புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து உள்ளே செருகிவிட்டு, 'டர்ர்' என்று வரி வரியாக அடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் தடவை வட்டி ஏறியபோது "அம்மா, இதை யாரு போட்டா?" என்றாள். வட்டி என்றால் என்ன என்பதை அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

எங்களை அலைய வைத்தது இனிஷியல். நம் பக்கம் பெயருக்கு இரண்டு மூன்று எழுத்து இனிஷியல் சாதாரணம். பிறப்புச் சான்றிதழில் அது முன்னால், ஆதாரில் பின்னால், அதுவும் ஒரு எழுத்து குறைவு. படிவத்தை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். வங்கிக்குப் போகும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஐந்து வயதில் எடுக்க வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு பாக்கி இருந்தால் அதையும் அதே நடையில் முடித்துவிடலாம். உங்கள் ஆதார், பான், இரண்டு பேர் புகைப்படமும் வேண்டும்.

பத்து வயதில் அவன் பெயரிலேயே நடத்த வேண்டுமென்றால் ஒரே மாதிரி கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும். ஸ்டேட் வங்கியின் 'பெஹ்லி உடான்' கணக்குக்கு இது நிபந்தனையே. மகள் ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பழகினாள். பெயரின் கடைசி எழுத்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சுழித்தாள். சுழியே இல்லாத கையெழுத்துக்கு மாறிய பிறகுதான் சரியானது.

கார்டு வந்த முதல் மாதம், நோட்டுப் புத்தகக் கடையில் 340 ரூபாய் பில். கடைக்காரர் கார்டை இயந்திரத்தின் மேல் காட்டினார், பணம் போய்விட்டது. "பின் நம்பரே கேட்கலையே!" என்று பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். 5,000 ரூபாய் வரை அப்படித் தொட்டாலே போகும். அன்று இரவே ஆப்பில் அந்த வசதியை நிறுத்தினேன். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டும் அணைந்தே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தினசரி வரம்பையும் 500 ஆக்கினேன். குறுஞ்செய்தி என் எண்ணுக்குத்தான் வரும். கார்டு பீரோவில் இருக்கும், கடைக்குப் போகும்போது மட்டும் அவள் கையில். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, தப்பு நடந்தால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், திட்ட மாட்டேன் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பயந்து மறைக்கும் பிள்ளையிடம்தான் பணம் போகும். அப்படிப் போனால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

பணம் பெருகினால் அவன் பெயரிலேயே டெபாசிட் போடலாம். ஆனால் அந்த வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு சேர்ந்துதான் வரிக்கு வரும்.

அப்புறம், பதினெட்டு வயது. என் நாத்தனார் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில்தான் தெரிந்தது: வயது நிறைந்ததும் காப்பாளர் கையெழுத்து செல்லாது, பிள்ளை புதுக் கையெழுத்தும் ஆவணங்களும் தரும் வரை பணம் எடுக்க முடியாது. பையன் கோயம்புத்தூரில், கணக்கு இங்கே. நகையை வைத்துக் கட்டணம் கட்டினார்கள். உங்கள் மகனின் பாஸ்புக் முதல் பக்கத்தில் பதினெட்டாவது பிறந்தநாள் தேதியை இப்போதே பென்சிலால் எழுதி வையுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.